ஒரு கிலோ முந்நூற்று நாற்பது கிராம் புளிச்சக்கீரை

கிளைச்சிறை,
பெரம்பலூர் மாவட்டம்.
11-8-2025

அன்புள்ள வளர்மதிக்கு,

'அன்புள்ள' என்று போடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். மொட்டையாக ஆரம்பித்தால் மிரட்டல் கடிதம் மாதிரி இருந்தது. அதனால் போட்டுவிட்டேன். தப்பென்றால் அடித்துவிட்டுப் படி.

நான் நலம். மேலே உள்ள விலாசத்தைப் பார்த்துப் பதறாதே. நான் ஒரு தப்பும் செய்யவில்லை. என் பெயரில் கஞ்சா வழக்கு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை குன்னத்தில் அரியலூர் பஸ் ஏறினேன். மடியில் ஒரு பை. மாவட்ட எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டர், சின்ன வயது, மரியாதையாகத்தான் கேட்டார்.

"பையில என்னங்க?"

"சரக்கு சார்."

நாலு வருஷமாக வெங்காய மண்டியும் மக்காச்சோள மண்டியுமாக அலைகிறவன் வாயில் வேறு என்ன வரும்? அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன சரக்கு?"

"இலை சார். நிழல்லயே காய வச்சது."

"யாருக்குக் கொண்டுபோறே?"

"அதைச் சொல்ல முடியாது சார்."

பையில் இருந்தது புளிச்சக்கீரை. சத்தியமாகப் புளிச்சக்கீரை. ஆனால் காய்ந்த புளிச்சக்கீரையை நீ பார்த்திருக்கிறாயா? அஞ்சு விரல் மாதிரி பிரிந்து, ஓரமெல்லாம் ரம்பப் பல்லாக, சாட்சாத் அந்த இலைதான். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்புறம் ஒரு தாளைப் படித்துக் காட்டினார். என்னைச் சோதனை போட மாஜிஸ்திரேட்டோ கெசட் அதிகாரியோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதாம். "அவங்களை எதுக்கு சார் காலங்காத்தால தொந்தரவு பண்ணிக்கிட்டு, நீங்களே பாருங்க" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். எடை போட்டார்கள். ஒரு கிலோ முந்நூற்று நாற்பது கிராம்.

செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒருத்தர் நம்பரும் எனக்கு மனப்பாடம் இல்லை. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே விலாசம் உன்னுடையது. மார்ச் மாதம் விவாகரத்து மனுவில் மூன்று பிரதியில் எழுதினோமே, அதனால். உங்கள் ஆபீஸ் வக்கீல் பாலசுந்தரம் சாரிடம் ஒரு வார்த்தை சொல். உனக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதென்றுதான் நாலு வருஷமாக எழுதாமல் இருந்தேன். மன்னித்துக்கொள்.

இங்கே கடிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். எனவே இதைப் படிக்கும் ஏட்டய்யா கண்ணையன் அவர்களுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
ராஜவேல்


அரியலூர்,
14-8-2025

திரு. ராஜவேல் அவர்களுக்கு,

தங்கள் 11ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. இங்கு நலம். 'அன்புள்ள' என்பதை அடிக்கவில்லை. அப்போது கையில் பேனா இல்லை.

பாலசுந்தரம் சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு எடையைக் கேட்டார். சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

இந்த ஆபீசில் நான் இதுவரை முப்பத்தேழு கஞ்சா ஜாமீன் மனு தட்டியிருக்கிறேன். ஆகையால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கவனமாகப் படிக்கவும். இந்தச் சட்டத்தில் எடைதான் எல்லாம். கஞ்சா ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. அதிகபட்சம் ஒரு வருஷம், அல்லது அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவுக்கு மேல் 'வணிக அளவு'. பத்து வருஷத்தில் தொடங்கி இருபது வரை போகும், ஜாமீன் குதிரைக்கொம்பு. இரண்டுக்கும் நடுவில் மாட்டினால் பத்து வருஷம் வரை கிடைக்கலாம். தாங்கள் நடுவில் மாட்டியிருக்கிறீர்கள், முந்நூற்று நாற்பது கிராமினால். எதிலும் அளவு தெரியாத மனுஷர். பத்துக் காடைக்குஞ்சு வாங்கப் போய் முந்நூறு குஞ்சோடு வந்து நின்றவர்தானே.

கீரைதானே, ஆய்வக அறிக்கை வந்தால் வெளியே வந்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். அறிக்கை வர எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை தங்கள் மடியில் இருந்த பை தங்கள் பைதான், அதில் இருப்பது என்னவென்று தங்களுக்குத் தெரிந்துதான் இருக்கும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டிய வேலை தங்களுடையது.

ஒரே ஒரு கேள்வி. அந்தப் பை யாருக்குப் போனது? கொடுக்கல் வாங்கல் ஆள் யார் என்று தெரியாமல் சார் ஒரு வரி எழுத மாட்டார். பதில் போடவும்.

வ. வளர்மதி,
தட்டச்சர்


கிளைச்சிறை,
19-8-2025

அன்புள்ள வளர்மதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 'தாங்கள்' என்று நீ எழுதியதைப் பார்த்ததும் யாருக்கோ வந்த கடிதம் என்று திருப்பிக் கொடுக்கப் போனேன். ஏட்டய்யாதான், "யோவ், உனக்குத்தான்யா. காடைக்குஞ்சு வாங்கினவன் நீதானே?" என்றார்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. என் அறையில் லோடு ஆட்டோ ஓட்டும் முருகையன் அண்ணன் ஒருவர், அடிதடி கேசில் மூன்று பேர், அப்புறம் உண்மையிலேயே கஞ்சா விற்றவர் ஒருவர். முதல் நாள் அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "எந்த ஊருச் சரக்கு?" என்று கேட்டார்.

"நம்ம குன்னந்தாண்ணே."

"குன்னத்துல வெளையுதா?"

"செம்மண்ணாச்சே, சும்மா தளதளன்னு வரும். என்ன, புளிப்புதான் கொஞ்சம் தூக்கலா இருக்கும். பூண்டு தட்டிப் போட்டு வதக்கினா சரியாயிடும்."

அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்த மூலைக்குப் போய்விட்டார். அப்புறம் என்னிடம் தொழில் பேசுவதில்லை.

இன்னொரு சமாச்சாரம். உன் கடிதத்தில் இருந்த சட்டத்தை ஏட்டய்யா எல்லா அறைக்கும் போய்ச் சொல்லியிருக்கிறார். "எடைதான்டா எல்லாம்" என்று அவரே கண்டுபிடித்த மாதிரி. இப்போது ஆளாளுக்கு, "உங்கூட்டம்மா எங்கேசுக்கு என்ன சொல்லுதுன்னு கேளு" என்கிறார்கள். முருகையன் அண்ணன் கேட்கச் சொன்னது இது: யாரோ வாடகைக்குப் பேசி ஏற்றிவிட்ட மூட்டைக்குள் கஞ்சா இருந்திருக்கிறது. இவருக்குத் தெரியாது. வண்டி இவருடையது, மூட்டை இவருடையது இல்லை. இவர் கேஸ் என்ன ஆகும்?

நீ கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. வேறு எதை வேண்டுமானாலும் கேள்.

இப்படிக்கு,
ராஜவேல்


அரியலூர்,
23-8-2025

ராஜவேல் அவர்களுக்கு,

முதலில் முருகையன் என்பவருக்கு. பொருள் ஒருவர் வசம் இருந்தது என்றால் மட்டும் போதாது, அது என்னவென்று தெரிந்தே வைத்திருந்தாரா என்பதுதான் கேள்வி. தெரியாது என்று வாயால் சொன்னால் கோர்ட்டு கேட்காது, காட்ட வேண்டும். வாடகை பேசியவர் எந்த நம்பரிலிருந்து கூப்பிட்டார், எங்கே ஏற்றினார், எங்கே இறக்கச் சொன்னார் என்பதையெல்லாம் இப்போதே வக்கீலிடம் சொல்லச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதச் சொல்லுங்கள், செலவில்லாமல் ஆள் வருவார்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். இதை ஏட்டு அவர்கள் எல்லா அறைக்கும் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இனி உங்களுக்கு. நேற்று ஜாமீன் மனு தள்ளுபடி. முதல் தகவல் அறிக்கை நகலை நான்தான் வாங்கிப் படித்தேன். உங்கள் போனில் இருந்து எடுத்ததாம், நீங்கள் உங்கள் கூட்டாளி சுரேஷ்குமாருக்கு அனுப்பியது: 'இலை நல்லா காஞ்சிடுச்சு. பவுடர் பண்ணிடவா?' அவர் பதில்: 'அவசரப்படாத. வாசம் போயிடும். பார்ட்டிகிட்ட அப்படியே குடு.' இதை அரசு வக்கீல் நீதிபதி முன்னால் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். சுரேஷ்குமார் ஊரிலேயே இல்லை, மாமியார் வீட்டுக்கு ஓடிவிட்டார்.

அதற்கும் மேலே, உங்கள் வயலுக்கும் போலீஸ் போயிருக்கிறது. பக்கத்து வயல் வீராயி அக்காவின் ஆடுகள் வேலி தாண்டி வந்து அந்தக் கீரையைத்தான் தின்றுகொண்டிருந்தனவாம். ஒரு காவலர் ஆட்டின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "இதுங்க எப்பவும் இப்படித்தான் மந்தமா நிக்குமா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா, "ஆடுன்னா அப்புடித்தான் நிக்கும், பின்ன சல்யூட்டா அடிக்கும்?" என்றிருக்கிறாள். எனக்குப் போன் செய்து சொன்னாள்.

சார் ஒரு நல்ல விஷயம் பிடித்திருக்கிறார். சட்டப்படி கஞ்சா என்றால் அந்தச் செடியின் பூவும் காயுமான நுனி. நுனி இல்லாத வெறும் இலையும் விதையும் கஞ்சா ஆகாது. உங்கள் பையில் இருந்தது இலை மட்டும். ஆனால் நீதிபதி கேட்டது ஒன்றே ஒன்று: "கீரைன்னா யாருக்குக் கொண்டுபோனேன்னு சொல்ல என்ன தயக்கம்?" விசாரணை முடியவில்லை, வாங்குபவரைப் பிடிக்க வேண்டும் என்று அரசு வக்கீல் சொன்னார். தள்ளுபடி.

அது ஒரு பெண் என்றால் சொல்லிவிடுங்கள். நாலு வருஷம் ஆயிற்று, எனக்கொன்றும் இல்லை. யாரென்று தெரிந்தால் அவளையே சாட்சிக்குக் கூப்பிடலாம், அதற்காகத்தான் கேட்கிறேன். எனக்கொன்றும் இல்லை.

வளர்மதி


கிளைச்சிறை,
27-8-2025

அன்புள்ள வளர்மதிக்கு,

'எனக்கொன்றும் இல்லை' என்று ரெண்டு தடவை எழுதியிருக்கிறாய். ஏட்டய்யா அந்த ரெண்டு இடத்திலும் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார்.

பெண்தான். ஆனால் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களிடம் விசாரித்துவிட்டேன். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவனை எதிரி என்பார்களாம். நான் முதல் எதிரி என்றால் வாங்க இருந்தவர் இரண்டாம் எதிரி. விடிந்தால் அந்த வீட்டு வாசலில் ஜீப் நிற்கும். அக்கம்பக்கத்தில் பார்ப்பார்கள், வேலை போகும். கௌரவமாக உழைத்துச் சாப்பிடுகிற பொம்பளை. என் கீரையால் அவளுக்கு ஒரு கெட்ட பெயர் வர வேண்டாம்.

உன் மனசு சமாதானத்துக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மார்ச் மாதம் ஒரு கோர்ட்டு வராண்டாவில் அந்தம்மா பக்கத்தில் இருந்தவர்களிடம், "இந்த ஊர்ல நல்ல செவப்புத் தண்டு புளிச்சக்கீரையே கிடைக்கிறதில்லைங்க, கிடைக்கிறதெல்லாம் சப்புன்னு இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. என்னிடம் சொல்லவில்லை. நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஊருக்கு வந்ததும் விதை வாங்கி ஒரு பாத்தி போட்டேன். பச்சையாகக் கொண்டுபோனால் பஸ்ஸில் வாடிவிடும், காயவைத்தால் வருஷம் பூராவும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. கடைசிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம், வெறுங்கையோடு போகக் கூடாது என்று நினைத்தேன். மற்றபடி எந்த உத்தேசமும் இல்லை.

அந்தம்மா அரியலூரில் இருக்கிறது. நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை தட்டச்சு செய்யும். இதற்குமேல் ஒரு துப்பும் கொடுக்க மாட்டேன்.

இதை எழுதி நீட்டியதும் ஏட்டய்யா நின்றபடியே படித்தார். "யோவ் ராஜவேலு, பேரை எழுதாட்டி எங்களுக்கெல்லாம் தெரியாமப் போயிடும்னு நெனச்சியா?" என்று கேட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனார்.

ராஜவேல்


அரியலூர்,
1-9-2025

ராஜவேலுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் படித்தேன். அன்றைக்குத் தட்டிய மூன்று மனுவிலும் பிழை. பாலசுந்தரம் சார் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. எறையூர் சர்க்கரை ஆலையில் உங்கள் எடைமேடை வேலை முடிந்துபோனதை என்னிடம் சொல்லாமல் அஞ்சு மாதம் மறைத்தீர்களே, நினைவிருக்கிறதா? தினமும் நான் கட்டிக்கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு போய் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மாலையில் வந்து இன்றைக்குக் கரும்பு வரத்து பிரமாதம் என்பீர்கள். ஆலை அரவையை நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் எனக்கு மட்டும் வண்டி வண்டியாகக் கரும்பு வந்துகொண்டிருந்தது. நான் வருத்தப்படக் கூடாதாம். ஊரே சிரித்த பிறகு எனக்குத் தெரிந்தது. வேலை போனதற்காக நான் வீட்டைவிட்டுப் போகவில்லை. அஞ்சு மாதம் என்னை ஒரு மனுஷியாக நினைத்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அதற்காகப் போனேன். இப்போதும் அதையேதான் செய்கிறீர்கள். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று வாயை மூடிக்கொண்டு ஜெயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை யார் கேட்டது?

சரி. நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை குன்னம் போனேன். நாலு வருஷத்துக்குப் பிறகு. வீராயி அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "வாடியம்மா, ஒனக்காக ஒருத்தன் ஜெயிலுக்கே போயிட்டான்" என்றாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வழக்கம்போல எனக்குத்தான் கடைசியில்.

ஒரு பாத்தி என்று எழுதியிருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன், பதினோரு பாத்தி. என்ன நினைத்துக்கொண்டு போட்டீர்கள்? நான் ஒருத்தியா, ஒரு ஹாஸ்டலா?

நல்லவேளை, ஆடு விட்டுவைத்த மூலையில் நாலு செடி ஆளுயரம் வளர்ந்து பூத்திருந்தது. மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. செம்பருத்தி ஜாதிப் பூ. உலகத்தில் எந்தக் கஞ்சாச் செடியும் அப்படிப் பூக்காது. ஒரு செடியை வேரோடு பிடுங்கி மண்ணோடு வாளியில் வைத்துக்கொண்டு வந்தேன். தோட்டக்கலை அதிகாரி ஒருவரிடம் காட்டி எழுதி வாங்கியிருக்கிறது.

நாளை மறுநாள் இரண்டாவது ஜாமீன் மனுவோடு ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கலாகிறது. அந்தப் பை எனக்காகத்தான் வந்தது என்று. தட்டியாகிவிட்டது.

வளர்மதி


கிளைச்சிறை,
3-9-2025

வளர்மதி,

பிரமாணப் பத்திரம் வேண்டாம். உன் காலில் விழுகிறேன். ஆய்வகத்தில் அறிக்கை தப்பாக வந்துவிட்டால் நீயும் உள்ளே வந்துவிடுவாய். நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன், மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பாடு. அவசரத்தில் எழுதுகிறேன்.

நீ சொன்னதெல்லாம் சரிதான். அந்த அஞ்சு மாதமும் தினமும் சாயந்திரம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்றுதான் நினைப்பேன். நீ தண்ணீர்ச் சொம்போடு வந்து "வேலை ஜாஸ்திங்களா?" என்று கேட்பாய். போய்விடும்.

ராஜவேல்

(கீழே வேறு மையில்) அம்மா, மனுவைப் போடுங்கள். இவன் சொல்வதைக் கேட்காதீர்கள். சாப்பாடும் சரியாகச் சாப்பிடுவதில்லை. — க.


அரியலூர்,
9-9-2025

ராஜவேலுக்கு,

நேற்று ஜாமீன் கிடைத்துவிட்டது. இந்தக் கடிதம் கைக்கு வரும்போது குன்னத்தில் இருப்பீர்கள் என்பதால் அந்த விலாசத்துக்கே எழுதுகிறேன்.

நடந்ததை நீங்கள் வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது. வாளியோடு கோர்ட்டு வாசலுக்குப் போனேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் செடியைப் பார்த்ததும் ரெண்டு அடி பின்னால் போனார்.

"என்னம்மா இது, கையோட கொண்டாந்துட்டே?"

"புளிச்சக்கீரைங்க. சாட்சி."

"சாட்சியா? யாருக்கு?"

"எங்கூட்டுக்காரருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நாலு வருஷமாக வாயில் வராத வார்த்தை. அவர் ஒரு இலையைக் கிள்ளி மென்று பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஆமா, புளிச்சக்கீரைதான்" என்று உள்ளே விட்டார்.

பாலசுந்தரம் சார் பூவைக் காட்டினார், அதிகாரியின் கடிதத்தைக் காட்டினார், நுனி இல்லாத இலை கஞ்சா ஆகாது என்ற சட்ட வரியையும் வாசித்தார். நீதிபதி என் பிரமாணப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதான் மனைவியா?"

"ஆமாங்கய்யா."

"விவாகரத்து மனு நிலுவையில இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே?"

"ஆமாங்கய்யா. அது வேற கோர்ட்டுங்க."

கோர்ட்டே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தப் பை உங்களுக்குத்தான்னு எழுதிக் கொடுக்கிறது உங்களுக்கே ஆபத்தா முடியலாம், தெரியுமாம்மா?" என்றார். "தெரியுங்க. நான்தான் தட்டினேன்" என்றேன். வாளியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. அரை மணி நேரம் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

நிபந்தனை இரண்டு. தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. வழக்கு முடியும் வரை மாவட்டத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. அரியலூர் வேறு மாவட்டம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும். போனும் வழக்குச் சொத்தாக அங்கேயே இருக்கிறது. ஆகவே எதுவென்றாலும் எழுதத்தான் வேண்டும்.

எதுவென்றாலும் எழுதவும்.

வளர்மதி


குன்னம்,
16-9-2025

அன்புள்ள வளர்மதிக்கு,

எதுவென்றாலும் எழுதச் சொன்னாய். ஆகவே எழுதுகிறேன். இன்று காலை ஆறு மணிக்கு எழுந்தேன். சுரேஷ்குமார் மாமியார் வீட்டிலிருந்து திரும்பிவிட்டான், ரெண்டு கிலோ இளைத்திருக்கிறான். மக்காச்சோளத்தில் பாதிக்குப் படைப்புழு. மருந்து அடித்தும் போகவில்லை. இந்த வருஷம் விளைச்சல் சுமாராகத்தான் வரும். உன்னிடம் பிரமாதம் என்று சொல்லலாம் என்று பேனாவை எடுத்தேன். சுமார்தான்.

தினமும் ஸ்டேஷன் போகிறேன். அந்த சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொல்கிறார். நேற்று தயங்கித் தயங்கி, "அண்ணே, நீங்க 'சரக்கு'ன்னு சொல்லாம கீரைன்னு சொல்லியிருந்தா நான் விட்டுருப்பேன்" என்றார். "தப்பு என்னுதுதான் சார்" என்றேன். "இல்லண்ணே, நானும் ஒரு இலையை மென்னு பாத்துருக்கலாம்" என்றார். அவர் மனைவி மாசமாக இருக்கிறாராம், புளிப்பு கேட்கிறாராம். நான் ஒன்றும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. ஸ்டேஷனுக்குள் கீரையோடு போக எனக்குத் துணிச்சல் இல்லை.

முருகையன் அண்ணனுக்குச் சட்டப்பணி ஆட்கள் வந்து, வாடகை பேசியவனின் நம்பரைப் பிடித்துவிட்டார்களாம். ஏட்டய்யா உனக்குச் சொல்லச் சொன்னார். ஜெயில் வாசலில் என்னை வழியனுப்பும்போது, "இனிமே கடுதாசி படிக்க ஒண்ணும் இருக்காதுய்யா" என்று வருத்தப்பட்டார்.

நாளை மறுநாள் குடும்ப கோர்ட்டில் நம் கடைசிக் கையெழுத்து. மாவட்டம் தாண்ட முடியாததால் என்னால் வர முடியாது. வாய்தா வாங்கிக்கொள். எனக்காக அன்று நீ வராண்டாவில் காத்திருக்க வேண்டாம். வர முடியவில்லை என்பதில் எனக்கு வருத்தம் என்று எழுத வேண்டும். எழுத வரவில்லை.

ராஜவேல்


அரியலூர்,
26-9-2025

என்னங்க,

ஆய்வக அறிக்கை வந்துவிட்டது. நல்ல செய்திதான், ஆனால் அதற்குள் ஒரு பத்து நிமிஷம் எங்கள் உயிர் போய் வந்தது. அறிக்கையில் செடியின் பெயரை லத்தீனில் 'ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ்' என்று போட்டிருக்கிறார்கள். கஞ்சாச் செடிக்கு லத்தீனில் 'கன்னாபிஸ்'. அரசு வக்கீல் அந்த வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, கன்னாபி!" என்று எழுந்தே நின்றுவிட்டார். பாலசுந்தரம் சாருக்கு வேர்த்துவிட்டது. நீதிபதி அடுத்த வரியை வாசிக்கச் சொன்னார். இலை பார்க்க அதைப் போல இருப்பதால் வைத்த பெயர், மற்றபடி இது புளிச்சக்கீரை, போதைப் பொருள் எதுவும் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. அரசு வக்கீல் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று போலீஸ் இறுதி அறிக்கை கொடுத்துவிட்டது. இனி கையெழுத்துப் போடப் போக வேண்டாம். மாவட்டத்தையும் தாண்டலாம்.

நம் மனுவை அக்டோபர் 16க்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். நேற்று வேலை முடிந்த பிறகு அந்த மனுவை எடுத்துப் படித்தேன். நான் தட்டியதுதான். ஐந்தாம் பத்தி இப்படி இருக்கிறது: 'மனுதாரர்கள் இருவரும் கடந்த நான்கு ஆண்டுகளாக ஒருவரோடொருவர் எவ்விதத் தொடர்பும், கடிதப் போக்குவரத்தும் இன்றிப் பிரிந்து வாழ்ந்து வருகின்றனர்.'

சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "சார், இந்தப் பத்தி இப்ப பொய்யாயிடுச்சு. ஜெயில் முத்திரையோட நாலு கடுதாசி என் பீரோவுல இருக்கு. பொய்னு தெரிஞ்சு இதுல எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"அப்ப பத்தியை அடிச்சிரும்மா."

"அடிச்சா மனு நிக்குமா சார்?"

"நிக்காது."

"அப்ப என்ன சார் பண்றது?"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு பேர்ல ஒருத்தரும் வாய்தாவுக்கு வரலேன்னா, பேரை மூணு தரம் கூப்பிட்டுப் பார்ப்பாங்க. அப்புறம் மனு தானா தள்ளுபடி ஆயிடும். அதுக்கு வக்கீல் ஃபீஸ்கூடக் கிடையாது."

பதினாறாம் தேதி எனக்கு ஆபீசில் நிறைய வேலை இருக்கிறது. உங்களுக்கும் அன்றைக்கு மக்காச்சோளத்தில் களை எடுக்கிற வேலை இருக்கும் என்று நினைக்கிறேன்.

மதி